மூன்று கிளப்புக்கு ஒரே ஸ்டேடியம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஒரு கால்பந்து கிளப்பின் செயலாளர். புது ஸ்டேடியத்துக்கு நகர நிர்வாகம் நிலம் தருவதாகச் சொல்கிறது. ஆனால் நாங்கள், எங்கள் பரம எதிரியான இன்னொரு கால்பந்து கிளப், ஒரு தடகள கிளப் என்று மூன்று பேரும் சேர்ந்து வந்தால்தான் தருமாம். வரைபடம் வந்த நாளிலிருந்து தினமும் சண்டை. டிராக் இல்லாவிட்டால் வரமாட்டோம் என்கிறார்கள் தடகளக்காரர்கள், டிராக் இருந்தால் வரமாட்டோம் என்கிறார்கள் எங்கள் ரசிகர்கள். எதிர் கிளப் அதிகப் பணம் போடுவதால் 60 சதவீதம் தங்களுக்கு வேண்டும் என்கிறது. நாற்காலிக்கு எந்த நிறம், வாசலில் யார் பெயர் என்று வேறு இழுபறி. இரண்டு மாதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு எழுந்தும் வந்துவிடாதீர்கள். நீங்கள் எழுந்து வந்த பிறகுதான் மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்து உங்களுக்குப் பாதகமான பக்கத்தை எழுதி முடிப்பார்கள்.

நாற்காலி நிறத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். அது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. மியூனிக்கில் 2005-ல் திறந்த அலையன்ஸ் அரீனா ஸ்டேடியத்தை பயர்ன் மியூனிக், 1860 மியூனிக் என்ற இரண்டு உள்ளூர்க் கால்பந்து கிளப்புகள் பகிர்ந்துகொண்டன. வெளிச்சுவர் முழுக்க விளக்குதான், பயர்ன் ஆடினால் சிவப்பு, 1860 ஆடினால் நீலம். நியூயார்க் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கால்பந்து அணிகள் பாதிப்பாதி போட்டுக் கட்டி 2010-ல் திறந்த ஸ்டேடியத்தில் (அது இருப்பது நியூ ஜெர்சியில், அது வேறு கதை) நாற்காலிகள் இரண்டு பேர் நிறமும் இல்லாத சாம்பல். அதற்கு முன்னால் ஜெட்ஸ் 1984 முதல் ஜயன்ட்ஸ் பெயரையே தாங்கிய ஸ்டேடியத்தில் வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது, தன் ஆட்டம் வரும் நாளில் மட்டும் பச்சைத் துணி கட்டி எதிராளியின் அடையாளத்தை மறைத்துக்கொண்டு. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாதவர் நிலைமைதான்.

அதே இரண்டு அணிகளும் புது இடத்தில் எதற்கு முட்டிக்கொண்டன தெரியுமா? முதல் ஆட்டம் யாருக்கு என்பதற்கு. லீக் தலைமை நாணயத்தைச் சுண்டி ஜயன்ட்ஸுக்கு என்று அறிவித்தது. சுண்டும்போது எங்கள் ஆள் ஒருவர்கூட அங்கே இல்லையே என்று ஜெட்ஸ் உரிமையாளர் வெளிப்படையாகவே கொதித்தார். கடைசியில் ஜயன்ட்ஸ் ஞாயிற்றுக்கிழமை ஆடியது, ஜெட்ஸ் மறுநாள் திங்களன்று. 160 கோடி டாலர் செலவில் கட்டிய இடத்தில் ஒரே ஒரு நாள் இடைவெளிக்காக அவ்வளவு கசப்பு.

ஆகவே வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு முதலில் நாட்காட்டியை எடுங்கள். மூன்று கிளப்பும் தனித்தனியாக, வருடத்தின் 52 வாரத்தையும் ஒரே அளவுத் தாளில் கட்டம் போட்டு, எந்த நாள், எத்தனை மணி நேரம், ஆட்டமா பயிற்சியா, மழையில் தள்ளிப்போனால் மாற்று நாள் எது என்று நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். கூட்டத்தில் மூன்று உறையையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். உறை எதற்கு என்றால், முதலில் காட்டுபவர் கூச்சத்தோடு கொஞ்சமாகக் கேட்பார், அதைப் பார்த்துவிட்டு நிரப்புபவர் மிச்சம் அத்தனையையும் எனக்கு என்பார். ஒருமுறை இப்படிச் செய்து, மூன்று தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களுக்கு நடுவே நிஜமாக மோதியது 11 நாள். அதற்கப்புறம் நடந்த பெரிய சண்டை ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான், ஏனென்றால் யாரோ ஈரத்தோடு சுருட்டிப் போட்ட கோல் வலை அங்கே மக்கிப்போயிருந்தது. சிரிக்காதீர்கள், சாவிக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.

மோதும் நாட்களுக்கு முன்னுரிமை வரிசை போடுங்கள். லீக் ஆட்டம் முதலில், கோப்பை ஆட்டம் அடுத்து, நட்பு ஆட்டம், கச்சேரி, பொருட்காட்சி எல்லாம் கடைசியில். இரண்டு கால்பந்து கிளப்பும் ஒரே லீக்கில் இருந்தால், ஒருவர் உள்ளூரில் ஆடும் வாரம் மற்றவர் வெளியூரில் ஆடும்படி அட்டவணை கிடைக்குமா என்று லீக் அலுவலகத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கிடைக்காது என்று வந்தால் அதுவும் இப்போதே தெரிவது நல்லது. அப்புறம், இடம் விட்டுக்கொடுத்து வேறு மைதானத்தில் ஆடப் போகிறவருக்கு அந்த வாடகையையும் இழந்த டிக்கெட் பணத்தையும் யார் தருவது? இதை எழுதாமல் விட்ட ஒப்பந்தங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புல்லுக்கு வாய் கிடையாது என்பதால் அதன் சார்பில் நான் பேசுகிறேன். இயற்கைப் புல், எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், வாரத்தில் சில மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும். இரண்டு கிளப்பின் ஆட்டங்களையே அது முனகிக்கொண்டு தாங்கும்போது பயிற்சியையும் அதன் தலையில் ஏற்றினால் பருவத்தின் நடுவிலேயே கோல் வாய்க்கு முன்னால் வெறும் மண் தெரியும். இத்தாலியின் மிலான் நகரத்துச் சான் சிரோ ஸ்டேடியத்தில் ஏசி மிலான், இன்டர் என்ற இரண்டு கிளப்பும் மாறி மாறி மிதித்து, கடைசியில் 2012-ல் செயற்கை இழை கலந்த புல்லுக்கு மாற வேண்டியதாயிற்று. எனவே பயிற்சிக்குத் தனி ஆடுகளம் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், ‘இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

சரி, டிராக்குக்கு வருவோம். இங்கே உங்கள் ரசிகர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது, கணக்குப் போட்டே காட்டலாம். நிலையான 400 மீட்டர் டிராக்கில் நேர்ப் பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதாவது உள்ளே கிடைக்கும் அகலம் 73 மீட்டர். 105-க்கு 68 மீட்டர் கால்பந்து ஆடுகளம் அதற்குள் உட்காரும், ஆனால் உட்கார்ந்த பிறகு மூலைக் கொடிக்கும் பக்கவாட்டில் டிராக்கின் விளிம்புக்கும் நடுவே மிஞ்சுவது சுமார் 1 மீட்டர்தான். கார்னர் அடிக்க ஓடி வருபவர் டிராக்கிலிருந்துதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், கோலுக்குப் பின்னால் வளைவின் நடுப்பகுதியில் கோல் கோட்டிலிருந்து டிராக்கின் உள்விளிம்பு 26 மீட்டர் தூரம். தலா 1.22 மீட்டர் அகலத்தில் 8 லேன் சேர்த்தால் கிட்டத்தட்ட 36 மீட்டர். கோலுக்குப் பின்னால் நின்று பாட்டுப் பாடும் உங்கள் ஆட்களின் முதல் வரிசையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. போதாக்குறைக்கு, எறிதல் போட்டிகளின் ஹேமரும் (கம்பியில் கட்டிய இரும்புக் குண்டு) ஈட்டியும் வந்து விழுவது நடுவிலிருக்கும் உங்கள் புல்லில். செயற்கைப் புல் போடலாம் என்றால் எறிதல் போட்டிகளை அதன் மேல் நடத்த முடியாது என்று தடகளக்காரர்கள் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள்.

இதற்கு நகரும் இருக்கைகள்தான் தீர்வு என்று யாராவது வண்ணப்படம் காட்டினால் லண்டன் ஸ்டேடியத்தைக் கேட்டுப் பாருங்கள். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டியது, 2016-ல் வெஸ்ட் ஹாம் கிளப் 99 வருட ஒப்பந்தத்தில் குடிவந்தது. கோடையில் தடகளம், மற்ற மாதங்களில் கால்பந்து, இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும் என்று திட்டம். நகர்த்தும் செலவு முதலில் சொன்னதைப்போலப் பல மடங்கு ஆனது. தொடக்க வாடகை வருடத்துக்கு 25 லட்சம் பவுண்டுதான் என்பதால் அடி விழுந்தது பொதுப்பணத்துக்கு. கிளப் தப்பித்தது. உங்கள் கதையில் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று வரைபடத்தில் எங்கேயும் போட்டிருக்காது.

ஆனால் தடகள கிளப்பையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு டிராக் வருடம் முழுக்கத் தினமும் வேண்டும், பெரிய கேலரி வருடத்தில் இரண்டு மூன்று நாள் வேண்டும். உங்களுக்கு நேர் எதிர், ஆட்ட நாளில் கேலரி நிரம்ப வேண்டும், மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடந்தாலும் கவலையில்லை. இவ்வளவு வேறான தேவைகளை ஏன் ஒரே கிண்ணத்துக்குள் திணிக்க வேண்டும்? 8 லேன் டிராக் ஒன்றுக்குச் சுமார் 177-க்கு 93 மீட்டர், அதாவது சுமார் 4 ஏக்கர் போதும், சுற்றிலும் கொஞ்சம் காலியிடம் விட்டுக்கொள்ளலாம். நிலம் இடம் கொடுத்தால் டிராக்கைப் பக்கத்தில் சிறிய கேலரியோடு தனியாகப் போட்டுவிட்டு, உடைமாற்றும் அறை, ஜிம், பார்க்கிங், மருத்துவ அறை, மின் இணைப்பு, காவலாளி சம்பளம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். டிராக்கின் நடுப்புல் உங்கள் சிறுவர் அணிகளின் பயிற்சிக்கும் ஆகும், எறிதல் பயிற்சி நேரத்தைத் தவிர்த்து. மூன்று பேருக்கும் பிடிக்க வாய்ப்புள்ள ஒரே வரைபடம் இதுதான் என்பது என் கருத்து. நிலம் போதாதென்றால் தடகள கிளப்பிடம் அதை இப்போதே நேரடியாகச் சொல்லி, அவர்களுக்கு வேறு இடம் கேட்டு மூன்று பேரும் சேர்ந்து நகர நிர்வாகத்திடம் போங்கள்.

அடுத்து அந்த 60 சதவீதம். பங்கு, ஓட்டு, நாள் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பேசுவதால்தான் இது சிக்கலாகத் தெரிகிறது. அதிகப் பணம் போடுபவர் லாபத்தில் 60 எடுக்கட்டும், அதில் தப்பில்லை, நஷ்டத்திலும் 60 என்பதை மட்டும் அதே வரியில் எழுதுங்கள். ஆனால் ஆட்ட நாட்கள் இரண்டு கால்பந்து கிளப்புக்கும் சமம். ஸ்டேடியத்தை விற்பது, அதன் பேரில் கடன் வாங்குவது, பெயரை விற்பது, தரையை மாற்றுவது, நாட்காட்டி விதியைத் திருத்துவது, இந்த ஐந்துக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்டாக வேண்டும், பங்கு எத்தனையாக இருந்தாலும். முடிவு எட்டாமல் நின்றால் யார் தீர்ப்பது என்று ஒரு வெளியாளை, சண்டை இல்லாத இன்றைக்கே பெயர் சொல்லி எழுதி, 14 நாள் கெடு போடுங்கள். நீங்கள் முடிவெடுக்கும்வரை லீக் காத்திருக்காது.

கட்டும் செலவைப் பற்றிப் பேசிப் பேசியே எல்லோரும் களைத்துப்போவதால் நடத்தும் செலவை யாரும் கேட்பதில்லை. கரண்ட் பில், தண்ணீர், புல் வெட்டும் ஆள், சில வருடம் கழித்து ஒழுகப்போகும் கூரை. ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பங்கு பராமரிப்பு நிதிக்குத் தனிக் கணக்கில் போக வேண்டும், அதை மூன்று பேர் கையெழுத்தில்லாமல் தொடக்கூடாது.

விலகும் விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதைத்தான் எல்லோரும் அபசகுனம் என்று தள்ளிப்போடுகிறார்கள். கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு தலைவர் என்னிடமே கேட்டிருக்கிறார். மியூனிக்கில் என்ன ஆனது பாருங்கள். அலையன்ஸ் அரீனா ஆளுக்குப் பாதி. 1860 கிளப் 2004-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, புது ஸ்டேடியம் திறக்கும்போதே அது மேல் பிரிவில் இல்லை. பணமுடை. 2006-ல் தன் பாதியை 1.1 கோடி யூரோவுக்கு பயர்னிடமே விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு ஆடியது, 2017-ல் இன்னும் கீழே விழுந்ததும் மொத்தமாக வெளியேறி நகரத்தின் பழைய சின்ன மைதானத்துக்கே திரும்பிப் போனது. கட்டிய செலவு 34 கோடி யூரோ அளவில் என்பதை வைத்து அந்த விலையைப் பாருங்கள். மூழ்குகிறவர் பேரம் பேச முடியாது. அதனால், ஒரு கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போனால் அதன் கட்டணம் எவ்வளவு குறையும், பங்கை விற்க நேர்ந்தால் விலையை எந்த மதிப்பீட்டாளர் நிர்ணயிப்பார், விற்ற பிறகும் வாடகைக்கு எத்தனை வருடம் ஆட உரிமை என்ற மூன்றையும் நீங்கள் நன்றாக இருக்கும் இப்போதே எழுதுங்கள். கீழே போகப்போவது எதிர் கிளப்பாகவும் இருக்கலாம் என்பதால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு மாதக் கெடுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சான் சிரோவை 1926-ல் மிலான் கிளப்புக்காகக் கட்டினார்கள், 1935-ல் அது நகராட்சி வசம் போனது, 1947-ல் இன்டரும் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் வேறொருவர் என்பதால்தான் அவ்வளவு காலம் ஓடியது என்று நான் நினைக்கிறேன். 2019-ல் இருவரும் சேர்ந்து புது ஸ்டேடியம் என்றார்கள், 2021-ல் வடிவமைப்பைக்கூடத் தேர்ந்தெடுத்தார்கள், 2023-ல் ஆளுக்கொரு ஊர்ப்புறத்தில் தனி நிலம் பார்க்கப் போனார்கள், பிறகு திரும்பி வந்து 2025-ல் பழைய இடத்தையே 19.7 கோடி யூரோவுக்குச் சேர்ந்து வாங்கினார்கள். கெடு நீளும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கு நகர நிர்வாகத்துக்கு ஒரு சின்னக் கடிதம் போதும். சேர்ந்து கட்டும் யோசனையை ஏற்கிறோம், நாட்காட்டியும் விலகும் விதியும் மூவரும் கையெழுத்திட்டு வந்தபின் வரைபடத்தை ஒப்புக்கொள்வோம், குத்தகை எத்தனை வருடம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். குறுகிய குத்தகையை நம்பி எந்த வங்கியும் கட்டடக் கடன் தராது, ஆகவே இந்தக் கடைசி விஷயம் எதிர் கிளப்புக்கும் வேண்டியதுதான். கடிதத்தில் அவர்கள் கையெழுத்தையும் கேட்டுப் பாருங்கள், போட்டாலும் போடுவார்கள். அப்படியே வரைபடம் போட்டவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: கோல் கோட்டுக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே எத்தனை மீட்டர்? பதில் எண்ணாக வராமல் வண்ணப்படமாக வந்தால், அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள்.