செஞ்சோற்றுக் கடனை ஆற்றை காசில கட்டுறது?

கேள்வி: தகப்பன் இல்லாத என்னைப் பத்து வயசில இருந்து வளர்த்துப் படிப்பிச்சது என்ர மாமாதான். இப்ப டவுனில அவற்ற புடவைக்கடையில கணக்குப் பாக்கிறன். கடையில நிக்கிற பிள்ளையளின்ர சம்பளத்தில மாசாமாசம் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு கழிக்கிறம், ஆனா ரெண்டு வருசமா ஒரு சதமும் கட்டேல்லை. அதில ஒரு பிள்ளைக்குத் தையில கலியாணம், வேலையை விடப்போறா, காசு எப்ப எடுக்கலாம் எண்டு என்னைத்தான் கேக்கிறா. கம்பன் விழாப் பட்டிமண்டபங்கள் கேட்டு வளர்ந்தவன் நான். கும்பகர்ணன் மாதிரி வாயை மூடிக்கொண்டு மாமாவோட நிக்கிறதோ, விபீஷணன் மாதிரிக் காட்டிக்குடுக்கிறதோ? (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதினது ரெண்டு பக்கம், இடம் காணாதபடியா சுருக்கித்தான் போட்டிருக்கிறம், ஆனா நான் முழுசா வாசிச்சனான். முதல் ஒண்டு கேக்கிறன், கும்பகர்ணன் வாயை மூடிக்கொண்டு நிண்டவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? பட்டிமண்டபத்தில "நீர்க்கோல வாழ்வை நச்சி" எண்டு தொடங்கி உருகி உருகிச் சொல்லுவினம், "போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்" எண்டு வரேக்க சனம் கைதட்டும், அதோட கும்பகர்ணன் எண்டாலே நன்றிக்கடன் எண்டு மனசில பதிஞ்சு போடும். அந்தப் பாட்டு வாறது கடைசியில, போர்க்களத்தில விபீஷணன் வந்து கூப்பிடேக்க. அதுக்கு முன்னம் அவன் என்னென்ன கதைச்சவன் எண்டதை ஒருக்கா எடுத்து வாசியுங்கோ.

இராவணன் மந்திராலோசனை வைக்கிறான், சபையில இருக்கிற பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் அடிப்பம் முறிப்பம் எண்டு வீரம் கதைக்கினம், அந்தச் சபையிலதான் கும்பகர்ணன் "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்" எண்டு அண்ணன்ர முகத்துக்கு நேர சொல்லுறான். பேந்து அவனை நித்திரையால எழுப்பிக் கொண்டுவந்து, சாப்பாடு குடுத்து, போர்க்கவசம் எல்லாம் மாட்டி விடுகினம், உதெல்லாம் என்னத்துக்கு எண்டு கேக்கிறான், சண்டை வந்திட்டுது எண்டு இராவணன் சொல்லுறான். உடன அவன்ர வாயில வாறது "ஆனதோ வெஞ்சமம், அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ" எண்டது. சண்டை வந்திட்டுதோ எண்டு கேட்ட அடுத்த மூச்சில சீதையின்ர துயர். அண்ணன்ர புகழ் போட்டுதோ எண்டு கேக்கிறது கூட அதுக்குப் பிறகுதான்.

தம்பி, கோவிக்காதேங்கோ, உங்கட ரெண்டு பக்கத்திலயும் மாமாவும் மாமியும் நீங்களும்தான் நிறைய இருக்கிறியள். மாமா உங்களை சைக்கிள்ல ஏத்திக்கொண்டு ரியூசனுக்குப் போனது, ஏ.எல் சோதினைக்கு மாமி விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டது, எல்லாம் வாசிக்க எனக்கும் கண் கலங்கினதுதான். ஆனா அந்தப் பிள்ளையளுக்கு நீங்கள் குடுத்தது ரெண்டு வரி. கும்பகர்ணன் முதல் கேட்ட கேள்வியை நீங்கள் இன்னும் கேக்கேல்லை.

இன்னும் கேளுங்கோ. சீதையை விட்டிட்டு, இராமனைச் சரணடைஞ்சு, தம்பியோட சேர்ந்து இரு, அதுதான் தப்புற வழி எண்டு திரும்பவும் சொல்லுறான். இராவணன் கண்டபடி ஏசுறான், மனிசரையும் குரங்கையும் கும்பிட்டுப் பிழைக்கிறது உனக்கும் உன்ர தம்பிக்கும்தான் சரி எண்டு. அதுக்குப் பிறகுதான் சூலத்தைத் தூக்கிறான், தூக்கிப்போட்டும் போறபோக்கில சொல்லுறான், வெண்டு வருவன் எண்டு சொல்லேல்லை, விதி பிடரியில பிடிச்சுத் தள்ளுது, சாகத்தான் போறன், நான் செத்தாப் பிறகாவது அவளை விடு, "நன்று என நாயக விடுதி" எண்டு. சாகப் போறவன் தனக்கெண்டு கேட்டது, நான் செய்த குற்றம் ஏதும் இருந்தாப் பொறுத்துக்கொள் எண்டது மட்டும்தான். எனக்குக் கம்பனில ஆகப் பிடிச்ச இடங்களில இது ஒண்டு, மேடையில இதை வடிவா எடுத்துச் சொல்லுற ஆக்கள் குறைவு எண்டது எனக்குச் சரியான கவலை.

விபீஷணனுக்கும் நீங்கள் நியாயம் செய்யேல்லை. அவன் ராவோட ராவா ஓடினவனில்லை. சபையில சொன்னவன், இரணியன்ர கதை முழுக்கச் சொல்லிப் பாத்தவன், கடைசியில இராவணன்தான் "விழி எதிர் நிற்றியேல் விளிதி", கண்ணுக்கு முன்னால நிண்டாச் சாவாய் எண்டு கலைச்சது. அப்பவும் "என் பிழை பொறுத்தருளுவாய்" எண்டு மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் வெளிக்கிட்டவன். போர்க்களத்தில கும்பகர்ணன் அவனைக் கண்டு துரோகி எண்டு ஒரு சொல்லுச் சொன்னவனோ? நீ கெதியா இராமனிட்டத் திரும்பிப் போ, அதுதான் எனக்கு ஆறுதல் எண்டெல்லோ அனுப்பி வைக்கிறான். எங்கட ஊரில துரோகி எண்ட சொல்லு எவ்வளவு பாரமானது எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதாலதான் இதை அழுத்திச் சொல்லுறன். அண்ணனுக்கு நேர சொல்லுற மட்டும் தம்பியர் ரெண்டு பேரும் ஒரே பாதையிலதான் வந்தவை, பிரிஞ்சது அதுக்குப் பிறகு. நீங்கள் அந்த இடத்துக்கே இன்னும் வரேல்லை, வராமலே எந்தப் பக்கம் எண்டு என்னைக் கேக்கிறியள்.

கோயில்ல கந்தபுராணப் படிப்புக் கேட்டிருப்பியள் தானே, சூரன்ர தம்பி சிங்கமுகன் கதையும் உதுதான். தேவரைச் சிறையால விடு எண்டு சூரனுக்குப் புத்தி சொல்லி, கேக்கேல்லை எண்ட பிறகு போய்ச் செத்தவன். ஐப்பசியில சூரன் போர் பாக்க நிக்கிற சனத்துக்குச் சிங்கமுகத் தலையை மாத்திறது தெரியும், அந்தத் தலை என்ன சொன்னது எண்டு தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர்?

கர்ணனையும் ஒரு வரியில இழுத்திருக்கிறியள். வில்லிபாரதத்தில குந்திக்கு அவன் சொல்லுற "செஞ்சோற்றுக் கடன் கழிப்பதுவே எனக்கு இனிப் புகழும் கருமமும் தருமமும்" எண்டது உயர்ந்த வரிதான். ஆனா வியாசர் பாரதத்தில திரௌபதியைச் சபைக்கு இழுத்துக்கொண்டு வந்த நேரம், இது அநியாயம் எண்டு எழும்பினது துரியோதனன்ர சொந்தத் தம்பி விகர்ணன், அவனை இருத்தி வாயடைச்சுப்போட்டு உடுப்பைக் கழட்டச் சொன்னது கர்ணன். அந்த நன்றி ஒரு பெம்பிளையின்ர மானத்தை விலையாக் குடுத்தது. விகர்ணனும் சோறு திண்ட வீட்டுக்காகத்தான் கடைசியில சண்டை பிடிச்சுச் செத்தவன், ஆனா சொல்லவேண்டிய இடத்தில சொல்லிப்போட்டான்.

கும்பகர்ணன் கடனைக் கட்டினது தன்ர உயிரால. நீங்கள் பேசாமல் இருந்தா மாமாவுக்கு நீங்கள் கட்டுற கடன் அந்தப் பிள்ளையளின்ர காசில போகுது. 40,000 சம்பளம் எண்டு வைப்பம், 8 வீதம் அவையிட்டக் கழிக்கிறது 3,200, முதலாளி போடவேண்டிய 12 வீதம் 4,800, மாசம் 8,000, ரெண்டு வருசத்தில 192,000 ரூபா. கலியாணத்துக்கு வேலையை விடுற பெம்பிளைப் பிள்ளைக்கு அதை எடுக்கிற உரிமை சட்டத்திலயே இருக்கு, அதை நம்பித்தான் அவ மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பா எண்டு நினைக்கவே எனக்கு வயிறு எரியுது.

அதால மாமாவோட கதையுங்கோ. கடையில வேண்டாம், ஆக்களுக்கு முன்னால எண்டா அந்த மனிசன் மானத்துக்கு எதிர்த்துக் கதைக்கும், இரவு வீட்டில, மாமியும் பக்கத்தில இருக்கேக்க. வளர்த்த நன்றியை முதல் சொல்லுங்கோ, அது உண்மைதானே. பிறகு, இந்த மாசத்தில இருந்து கட்டாத காசைக் கழிச்சதா நான் சம்பளச் சிட்டை எழுதமாட்டன் எண்டு தெளிவாச் சொல்லுங்கோ. யாவாரம் விழுந்து கட்ட ஏலாமப் போயிருக்கலாம், அப்பிடி எண்டா தானாப் போய் லேபர் கந்தோரில கதைச்சு, பிந்தினதுக்குத் தண்டமும் சேர்த்து, நிலுவையைக் கட்டிமுடிக்கிற வழியைப் பாக்கலாம், நீங்களும் கூடப் போங்கோ. கலியாணப் பிள்ளையின்ர காசு மட்டும் தவணை இல்லாமல் முதல்ல கட்டவேணும்.

கேக்கேல்லை எண்டா வேலையை விடுங்கோ, விட முன்னம் அந்தப் பிள்ளையளிட்ட உள்ளதைச் சொல்லி, அடையாள அட்டையையும் சம்பளச் சிட்டையளையும் கொண்டு லேபர் கந்தோருக்குப் போகச் சொல்லுங்கோ. ஊர் கதைக்கும், மாமி அழுவா, கொஞ்சக் காலம் அந்த வீட்டுப் படி ஏற ஏலாமலும் போகும், அதை நான் மறைக்கேல்லை.

தைக்கு இன்னும் கன நாள் இல்லை, இந்தக் கிழமையே கதையுங்கோ. போகேக்க கணக்குக் கொப்பியில இருந்து எந்த மாசம் ஆரிட்ட எவ்வளவு கழிச்சது எண்டு பேர் பேரா ஒரு தாளில எழுதிக்கொண்டு போங்கோ, கலியாணப் பிள்ளையின்ர பேர் முதல் வரியில இருக்கட்டும். மாமா என்ன சொன்னவர் எண்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கோ.