நூறு கஜத்தில் ஒரு அங்குலம்: பழைய இறக்குமதி எஸ்கேஎஸ் வாங்கலாமா?

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. ரேஞ்சில் சுட்டுப் பழக ஒரு செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்க ஆசை. இரண்டு எஸ்கேஎஸ் (பழைய சோவியத் வடிவமைப்பு ராணுவ ரைஃபிள்) பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று யூகோஸ்லாவிய எம்59/66. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய காஸ்மோலின் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை, எல்லா பாகத்திலும் ஒரே எண், 700 டாலர். இன்னொன்று சீன நோரின்கோ. பிளாஸ்டிக் ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை), கழற்றி மாட்டும் 30 தோட்டா மேகசின், ஸ்கோப் எல்லாம் போட்டது, 600 டாலர். "நூறு கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் அடிக்கும்" என்று சொல்லி, மூன்று ஓட்டை விழுந்த அட்டையையும் விற்பவர் காட்டினார். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த அட்டையைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் நிற்கிறது.

மூன்று தோட்டா சுட்டு அளப்பது அளவே இல்லை. ஒரே ரைஃபிளில், ஒரே தோட்டாவில், பத்து முறை சுட்டால் வரும் பரவல், அதாவது தூரத்து இரண்டு ஓட்டைகளுக்கு இடையிலான அளவு, மூன்று முறை சுட்டதைவிட சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். கணக்கே அப்படித்தான் வரும், ரைஃபிளில் குறை இல்லை. ஆக அந்த ஒரு அங்குலம் நியாயமாகச் சுட்ட ஒரே அட்டை என்று வைத்துக்கொண்டாலும் உண்மையில் அது 1.6 அங்குலம். அதுவும் இருபது அட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தால்? எத்தனை அட்டை சுட்டார், மற்றவை எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல நிலையில் உள்ள எஸ்கேஎஸ், சாதாரண இரும்புக்கூட்டுத் தோட்டாவில், நூறு கஜத்தில் 3 முதல் 5 அங்குலத்துக்குள் போடும். ஏகே வகைகளும் ஏறக்குறைய அதே வட்டத்தில்தான். சோவியத் வடிவமைப்பாளர் சிமோனோவ் இதை வடிவமைத்தது போர்வீரனின் கைக்கு. சேற்றிலும் பனியிலும் ஓடவேண்டும் என்பதே முதல் தேவை. 3 அங்குலம் போடும் எஸ்கேஎஸ் நல்ல எஸ்கேஎஸ். ஒரு அங்குலம்தான் வேண்டுமென்றால் இந்தக் குடும்பத்தில் தேடாதீர்கள், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் ஒரு போல்ட்-ஆக்‌ஷன் வாங்குங்கள்.

சரி, சுடாமலே துல்லியத்தை எப்படிக் கணிப்பது? பேரலின், அதாவது குழலின், வாயைப் பாருங்கள். எஸ்கேஎஸ்ஸை பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய வழியில்லை. கம்பியை முன்பக்கம் விட்டுத்தான் துடைக்க வேண்டும். ஐம்பது வருடம் அவசரக்காரச் சிப்பாய்கள் இரும்புக் கம்பியை விட்டு இழுத்தால் குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் வாய்ப்பக்கத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே தேய்ந்திருந்தால் மற்றதெல்லாம் புதிதாக இருந்தும் பயன் இல்லை. தேய்மானம் பார்க்கும் அளவுகோல் பல துப்பாக்கி மெக்கானிக்குகளிடம் இருக்கும். இல்லையென்றால் ஒரு நல்ல டார்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும்: வரிகளின் விளிம்பு சுற்றிலும் ஒரே கூர்மையோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பேரலின் உள்பக்கம். இங்கேதான் யூகோவுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு. சீன எஸ்கேஎஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே குரோம் பூச்சு உண்டு, யூகோவுக்குக் கிடையாது. யூகோஸ்லாவியாவின் பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மருந்து) உப்பைக் கக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி எண்ணெய் போட்ட துப்பாக்கி பிழைத்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வைத்த துப்பாக்கி உள்ளே அம்மைத்தழும்பு விழுந்து நிற்கிறது. ஆகவே உங்கள் யூகோவை கிரீஸோடு வாங்காதீர்கள். பேரலை மட்டுமாவது துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். காஸ்மோலின் பாதுகாக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். லேசான கருமை இருந்தால் பரவாயில்லை, வரிகள் கூர்மையாக இருந்தால் நன்றாகவே சுடும். ஆழமான குழிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எம்59/66-க்கே உரிய இன்னொரு சிக்கல் கேஸ் வால்வு. ரைஃபிள் முனையிலிருந்து கிரனேடு ஏவும்போது வெடிமருந்துக் கேஸை அடைக்க வைத்த வால்வு அது. தேய்ந்தோ துருப்பிடித்தோ கேஸ் கசிந்தால் ரைஃபிள் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றாது. மாற்று வால்வு கிடைக்கும் என்பதால் இது வாங்காமல் விடும் அளவுக்குக் குறை இல்லை, பேரம் பேச ஒரு காரணம். முன்னால் அந்த ஏவுகுழாய் வேறு இருப்பதால் எடை 4 கிலோவைத் தாண்டும். பெஞ்சில் வைத்துச் சுட சுகம், நின்று சுட்டால் கை சொல்லும்.

நோரின்கோவில் இருக்கும் ஸ்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மூடியின் மேல் மாட்டியதா என்று பாருங்கள். அந்த மூடி தளர்வாக உட்காரும் ஒரு தகடு; ஒவ்வொரு சூட்டுக்கும் அசையும், கழற்றி மாட்டினால் பழைய இடத்துக்குச் சரியாக வராது. ஸ்கோப் இருந்தும் குண்டு ஊர் சுற்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம். பக்கவாட்டில் ரிசீவரைத் துளைத்து மாட்டியிருந்தால் ஸ்கோப் நிலையாக நிற்கும், ஆனால் சேகரிப்பாளர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அப்புறம் விலை. அமெரிக்காவில் இந்த ரைஃபிள்களின் விலையை முடிவு செய்வது துல்லியத்தைவிட இறக்குமதிச் சட்டம்தான். 1990-களின் தொடக்கத்தில் சீன எஸ்கேஎஸ் நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது. 1994-இல் சீனத் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. உள்ளே வந்தது வந்ததுதான், இனி வராது. யூகோக்கள் 2000-களின் தொடக்கத்தில் ஏராளமாக வந்து இறங்கின, அந்த வரத்தும் வற்றிவிட்டது. வரத்து நின்ற பொருளில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதற்குத்தான் காசு. ரிசீவர், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்), அதைச் சுமக்கும் கேரியர், மேகசின், ட்ரிகர் கார்டு, ஸ்டாக் எல்லாவற்றிலும் எண்ணை ஒப்பிடுங்கள். எழுத்தின் அச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் தட்டிச் சேர்த்த எண் கொஞ்சம் கோணலாகவோ வேறு அளவிலோ இருக்கும். போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால் அது விலைப் பிரச்சினை மட்டும் இல்லை, ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் சுடவே கூடாது.

நோரின்கோவைத் தள்ளுவதற்குமுன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். எஸ்கேஎஸ்-டி, எஸ்கேஎஸ்-எம் என்று தொழிற்சாலையிலேயே ஏகே மேகசின் ஏற்கும்படி செய்து அனுப்பிய ரகங்கள் உண்டு, அவற்றுக்கு நல்ல கிராக்கி. உங்கள் விற்பவரிடம் இருப்பது பின்னால் மாட்டிய பிளாஸ்டிக் மேகசின் என்றால் கதை தலைகீழ். அவை தோட்டாவைச் சரியாக ஊட்டாமல் படுத்தும். சட்டமும் குறுக்கே வரும்: இறக்குமதி செமி-ஆட்டோ ரைஃபிளை இப்படி மாற்றும்போது, பட்டியலிட்ட 20 பாகங்களில் வெளிநாட்டுப் பாகம் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. கழற்றும் மேகசினுள்ள எஸ்கேஎஸ் கலிஃபோர்னியாவில் தடை செய்யப்பட்டது. நாளைக்கு வேலை மாறி அங்கே போனால் கூடக் கொண்டுபோக முடியாது. அசல் மர ஸ்டாக்கும் பத்துத் தோட்டா மேகசினும் அவரிடம் இருந்தால் சேர்த்துக் கேளுங்கள். கொடுத்தால் 600 டாலரைப் பற்றி யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

விலை பார்க்கும்போது கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் விலை. தோட்டாச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்: 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்டபின், எஸ்கேஎஸ் சுடும் 7.62x39 தோட்டா மலிவு என்ற பழைய பேச்சு எடுபடாது.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடை இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். நண்பருக்காக வாங்கித் தரும் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

ஆக, பேரலும் வாயும் சரியாக இருந்தால் நான் யூகோவைத்தான் வாங்குவேன். வாங்கியதும் நேரே ரேஞ்சுக்கு ஓடாதீர்கள். யூகோ எஸ்கேஎஸ்ஸின் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசி) ஸ்பிரிங் இல்லாமல் தளர்வாக ஓடுவது. உறைந்த காஸ்மோலின் அதை முன்னால் பிடித்து வைத்தால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், விசையைத் தொடவே வேண்டாம். போல்ட்டைப் பிரித்து, மினரல் ஸ்பிரிட் என்ற பெயிண்ட் கரைப்பானில் ஊறவைத்து, கிரீஸ் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள். பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே அந்த ஊசி "டக் டக்" என்று ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் தோட்டா ஏற்றாதீர்கள், மறுபடி கழுவுங்கள்.