தொடை மரத்துப்போனால் முதலில் இருக்கையின் ஆழம்

வேலைக்கு நாற்காலி வாங்க வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடை மரத்துப்போகிறது, நான் உயரமும் குறைவு, செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் சாய்மானத்தை விட இருக்கையின் ஆழத்தை, அதாவது முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரையுள்ள நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, அந்த நாற்காலி உங்களுக்கு வேண்டாம். முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. பாதம் தரையில் முழுதாகப் படியட்டும். மேசை உயரமாக இருந்து நாற்காலியை ஏற்ற வேண்டியிருந்தால் காலுக்கு ஒரு பலகை போட்டால் போதும்.

தலைத்திண்டுக்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள். என்னைக் கேட்டால், மலிவான புது நாற்காலியை விட, அலுவலகங்கள் கழித்துவிடும் தரமான பழைய நாற்காலியே மேல். வாங்குமுன் உயரத்தை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். தானாக இறங்கினால், நாற்காலியை ஏற்றி இறக்கும் வாயுத் தண்டான கேஸ் லிஃப்ட் போய்விட்டது என்று அர்த்தம்.