இலங்கையின் அடுத்த ஜனாதிபதிக்கு முன்னால் இருக்கும் மிகப் பெரிய சவால் எது?

இதை 2024 செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் எழுதுகிறேன். செப்டம்பர் 21 தேர்தலுக்கு யாருக்கு வாக்குப் போடுவது என்று யோசித்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்க ஜனநாயகம் தேய்ந்துகொண்டு போகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் எனக்கு ஒரே பதில்தான் இருக்கிறது.

கடன்தான் சவால் என்று பலரும் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது, 2024 ஜனவரியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. யார் வந்தாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் நின்றுதான் ஆட வேண்டும். 39 பேர் நியமனப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள், அதில் வெல்லக்கூடிய எவருமே அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவேன் என்று சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் சவால் வேறு. நடக்க வேண்டிய ஒரு தேர்தலைக் காசில்லை என்று சொல்லி நிறுத்தி வைக்கும் பலம் இந்த நாட்டில் ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. வரப்போகிறவர் அதைத் தானாக விட்டுக்கொடுப்பாரா? நான் அதில் அடிபட்டவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

வன்னியில் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதகு. மாரி தொடங்கினால் அதன் ஒரு பக்கம் இடிந்து தண்ணீர் மேலால் பாயும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். மாதர் சங்கத்தில் கையெழுத்து வாங்கிப் பிரதேச சபைக்கு மூன்று தரம் கடிதம் கொடுத்தோம். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2018 தேர்தலில் இருந்து சட்டம் இருக்கிறது, அதனால் தேர்தல் வந்தால் கட்சிக்காரர் பெண்களைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். "பெயரை மட்டும் தாங்கோ அக்கா, மற்றதை நாங்கள் பார்க்கிறம்" என்பார்கள். நான் அந்த மதகை நினைத்து, உண்மையாகவே தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்தேன். எந்தக் கட்சி என்று வேண்டுமென்றே எழுதவில்லை, இது பிரசாரம் இல்லை.

2023 ஜனவரியில் நியமனப் பத்திரம் கொடுத்தோம். நான் அரச ஊழியர், ஆகவே அதோடு சம்பளமற்ற லீவு. மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல், முடிந்ததும் வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, கையில் இருந்ததை வைத்துச் சமாளிக்கத் தொடங்கினோம். வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தேர்தலுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கியும் இருந்தார்கள். பிறகு காசை விடுவிக்கவில்லை. வாக்குச்சீட்டு அச்சாகவில்லை, தபால் வாக்களிப்பு நின்றது, ஏப்ரல் 25 என்று புதுத் திகதி சொன்னார்கள், அதுவும் போனது.

சரி, தேர்தல்தான் இல்லையே என்று வேலைக்குத் திரும்பிப் போனேன். வரவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது. நான் பேனையை எடுக்க, அங்கே இருந்த அண்ணா புத்தகத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தங்கச்சி, தேர்தலை ரத்துச் செய்யேல்லை, தள்ளித்தான் வைச்சிருக்கு. நீங்கள் இன்னும் வேட்பாளர்." பிரசாரம் செய்யத் தேர்தலும் இல்லை, வேலை செய்யக் கந்தோரும் இல்லை. நாடு முழுக்க ஏறத்தாழ 3000 அரச ஊழியர்கள் இப்படி நடுவில் தொங்கினோம். எனக்கு வங்கிக் கடன் சம்பளத்தில் கழிகிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் வங்கி விடுமா? தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லாம் அடகுக்குப் போனது. இவர் மேசன் வேலை, சீமெந்து விலை ஏறியதில் யாரும் வீடு கட்டவில்லை. மாதங்கள் கழித்து, போட்டியிட்ட இடத்தை விட்டு வேறு பிரதேசத்தில் வேலை செய்யலாம் என்று வழி விட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த அனுமதிக் கடிதம் எனக்கு முழுச் சிங்களத்தில் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987-இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. அரச ஊழியரான நான், அரசு எனக்கு எழுதிய கடிதத்தை வாசிப்பிக்க, சிங்களம் தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொண்டுபோய் நின்றேன். பாண் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் என் சம்பளக் கதை தெரிந்தது.

கடைசியில் 2024 ஆகஸ்ட் 22-ஆம் திகதி, அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நிதி அமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் அதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பில் இருக்கிறது. வாசித்துவிட்டு அழுதேன். ஆனால் 2024 செப்டம்பர் வரை சபை வரவில்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்ததில் இருந்து அதுவரை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மாகாண சபையும் இதே கதைதான்: வடக்கில் கடைசியாக வாக்குப் போட்டது 2013-இல், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. ஆளுநரை நியமிப்பதும் ஜனாதிபதிதான்.

1978-இல் உருவான இந்த நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதிப் பதவியை ஒழிப்பேன் என்று சந்திரிகா 1994-இல் சொன்னார், ஒழியவில்லை. 2015-இல் அரசியலமைப்பின் 19-ஆம் திருத்தம் அதன் அதிகாரத்தைக் கொஞ்சம் வெட்டியது, 2020-இல் 20-ஆம் திருத்தம் வெட்டியதில் பெரும்பாலானதைத் திரும்பக் கொடுத்தது, 2022-இல் 21-ஆம் திருத்தம் மறுபடி கொஞ்சம் வெட்டியது. கதிரைக்கு வெளியே நிற்கும்போது எல்லோருக்கும் அது கூடாத பதவி.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில் பிரதேச சபைத் தேர்தல் அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். முக்கியம் என்றுதான் சொல்வேன். 69 இலட்சம் வாக்கு வாங்கிய கோட்டாபய மூன்று வருடம் முடியுமுன் நாட்டை விட்டு ஓடினார். பங்களாதேஷில் எதிர்க்கட்சி புறக்கணித்த தேர்தலில் 2024 ஜனவரியில் வென்ற பிரதமர் ஷேக் ஹசீனா அதே வருடம் ஆகஸ்ட் 5-இல் ஓடினார். உலக ஜனநாயகம் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேள்வி கேட்கச் சின்னச் சின்ன இடங்கள் இருந்தால் சனம் அங்கே போய்க் கேட்கும், அதை எல்லாம் பூட்டினால் ஜனாதிபதி மாளிகைக்குத்தான் போகும்.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து இன்னும் இருக்கிற பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி எழுதாமல் மதகைப் பற்றி எழுதுகிறாள் என்று யாரும் கோபிக்க வேண்டாம். என் மாமி இன்னும் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு போராட்டப் பந்தலில் போய் இருக்கிறா. அவவின் கேள்விக்குப் பதில் சொல்லாத கதிரையும் இதே கதிரைதான். தமிழ்ப் பொது வேட்பாளருக்குப் போடுவதா இல்லையா என்பது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை.

போன கிழமை ஒரு பிரதான வேட்பாளரின் ஆட்கள் துண்டுப்பிரசுரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் ஆள் வென்றால் உள்ளூராட்சித் தேர்தல் எந்த மாதம், மாகாண சபைத் தேர்தல் எந்த வருடம், இரண்டு திகதியையும் இந்தத் துண்டின் பின்னால் எழுதித் தாருங்கள் என்று பேனையை நீட்டினேன். "மேலிடத்தில கேட்டுச் சொல்றம் அக்கா" என்றார்கள். துண்டை வாங்கி வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தாலும் இதையே கேளுங்கள்.