வயது ஏறியும் உங்களை விட்டுப் போகாத சின்னப் பைத்தியம் எது?

விமானத்தில் ஜன்னல் சீட்.

வேலை நிமித்தமாக அடிக்கடி பறக்க வேண்டியிருக்கிறது. கூட வரும் அலுவலக நண்பர்கள் எல்லாரும் நடைபாதை ஓரத்து இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், இறங்கும்போது முதல் ஆளாக எழுந்து நிற்கலாம் என்பார்கள். (கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை கழுத்தை வளைத்துக்கொண்டு நின்று என்ன கிடைக்கிறதோ!) நான் மட்டும் டிக்கெட் போட்ட கையோடு ஜன்னலைப் பிடித்துவிடுவேன். "இன்னுமா சின்னப்பிள்ளை மாதிரி?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஒருமுறை கூடுதல் பணம் கட்டி ஜன்னல் சீட் வாங்கிப் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் வெறும் சுவர். ஏமாற்று வேலை என்று கொதித்தேன். சில விமானங்களில் குளிர்காற்றுக் குழாய்கள் பக்கச் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இருக்கை வரைபடத்தைப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை.

வெளியே பார்ப்பதற்கு முன்னால் அந்த ஜன்னலையே கொஞ்சம் பாருங்கள். கீழ்ப்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையில் பெரும்பாலான விமான ஜன்னல்களில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளி அடுக்குதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கு, ஒருவேளை வெளி அடுக்கு உடைந்தால் தாங்குவதற்கு. நம் மூக்கு இடிக்கும் உள் அடுக்கு வெறும் கீறல் தடுப்பு. ஓட்டை இருப்பது நடு அடுக்கில். இரண்டு அடுக்குகளுக்கு இடையே காற்றழுத்தத்தைச் சமன்செய்யவும், ஈரம் தங்கிக் கண்ணாடி மங்காமல் இருக்கவும் அது வேண்டும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே சுமார் மைனஸ் 55 டிகிரி. உள்ளிருந்து போகிற துளி ஈரம் அந்த ஓட்டையைச் சுற்றிப் பூப்பூவாக உறைந்து நிற்கும். கைப்பேசியை நெருக்கி வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

ஜன்னலின் மூலைகள் வளைந்திருப்பதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1952-ல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட் விமானமான காமெட், 1954-ல் மூன்றே மாத இடைவெளியில் இரண்டு முறை நடுவானில் சிதறியது. அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி உலோகம் களைத்துப்போய், உடம்பில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் விரிசல் விட்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே எது கொடுத்தாலும் சப்பென்று இருக்கிறதே என்று சமையல்காரரைத் திட்ட வேண்டாம். உலர்ந்த காற்றும் குறைந்த அழுத்தமும் உப்பையும் இனிப்பையும் மங்கடித்துவிடுகின்றன. 2015-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஃபோன் வழியாக விமான இரைச்சலைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். இனிப்பு மங்கியது, ஆனால் தக்காளியில் இருக்கும் உமாமி சுவை மட்டும் தூக்கலாகத் தெரிந்ததாம். கீழே சீண்டாத தக்காளிச் சாற்றை மேலே நான் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தரையில் இருக்கும் நாட்களிலும் இந்தப் பித்து விடாது. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் விமானங்களைப் பின்தொடரும் ஃபிளைட்ரேடார்24 செயலியைத் திறந்து அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பேன். போயிங் 747 ஜம்போ விமானம் என்றால் மொட்டை மாடிக்கே ஓடுவேன். 1969-ல் முதன்முதலில் பறந்த ராணி அது. மொத்தம் 1,574 செய்தார்கள், கடைசி விமானத்தை 2023 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டார்கள். இனிமேல் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்?

சரி, எந்தப் பக்கம் உட்காருவது? எல்லாரும் சூரியன் இருக்கும் பக்கத்தைத் தேடுவார்கள். நான் அதற்கு எதிர்ப்பக்கம். காலையில் வடக்கு நோக்கிப் போகிறீர்கள் என்றால் இடது பக்கம், இறக்கை மறைக்காத வரிசை. கீழே மேகம் மெத்தை போலப் பரவியிருந்தால், விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி வண்ண வளையம் தெரியும், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. குளோரி என்று அதற்குப் பெயர். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. வானவில்லைவிட மிகச் சின்னது. மேகத்தை நெருங்கி இறங்கும்போது நிழல் நன்றாகப் பெரிதாகும். அப்போது வளையத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிகச் சரியாக உங்கள் இருக்கை இருக்கும் இடத்தில்! முன்வரிசைக்காரருக்கு மூக்குப் பக்கம், பின்வரிசைக்காரருக்கு வால் பக்கம். யாராவது குளோரி படம் போட்டால், அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம்.

போன மாதம் இறங்கும் நேரத்தில் அது தெரிந்தது. என்னை அறியாமல் "ஆகா!" என்றுவிட்டேன் போல. பக்கத்தில் இருந்த பெரியவர் கண் விழித்து, "என்ன தம்பி?" என்றார். காட்டினேன். மையம் நம் வரிசையில் நிற்பதையும் சொன்னேன். அவர் என் தோள்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படீன்னா முன்னாடி இருக்கிறவங்களுக்கு இது தள்ளித் தெரியுமா?" என்று அவராகவே கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தம்பி, ரெண்டு நிமிஷம் மாறி உட்காரலாமா?"

மாறினோம். தரை இறங்கும்வரை அவர் திரும்பவே இல்லை. மிச்சப் பயணம் முழுக்க நான் பார்த்தது அவருடைய இடது காது.