செப்பு முலாமில் தோலுரிவு, சொரசொரப்பு, மங்கல், புள்ளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த பிரைட்னரை (தொட்டியில் சேர்க்கும் பளபளப்பு மருந்தை) ஊற்றலாம்?" என்றே முடிகின்றன. தயவுசெய்து முதலில் போத்தலைக் கீழே வையுங்கள். குறை பாகத்தின் எந்த இடத்தில் வருகிறது, மேலேயா, விளிம்பிலா, குழியிலா என்று பாருங்கள். காரணத்தைப் பெரும்பாலும் அந்த இடமே காட்டிவிடும்.

இரும்புப் பாகங்களுக்கு அசிட் கொப்பரில் (செப்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில்) முலாம் போடுகிறோம். நல்ல நிறம் வருகிறது, ஆனால் நகத்தால் சுரண்டினாலே உரிகிறது. (கொட்டாஞ்சேனை)

உரியத்தான் செய்யும். இரும்பை நேராக அசிட் கொப்பருக்குள் இறக்கினால், கரண்ட் கொடுக்கும் முன்பே செம்பு தானாகப் போய்ப் பொடி மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு நல்ல முலாம் ஏற்றினாலும் அது அந்தப் பொடியில்தான் நிற்கிறது. முதலில் மெல்லிய நிக்கல் பூச்சு, அல்லது சயனைட் கொப்பர் பூச்சு போட வேண்டும். சின்னப் பட்டறைக்கு நிக்கல்தான் என் சிபாரிசு, ஏனென்றால் சயனைட்டில் அசிட் கலந்தால் வரும் வாயு ஆளைக் கொன்றுவிடும், ஒரே அறையில் இரண்டையும் பக்கத்தில் வைப்பதே ஆபத்து. ஆனால் துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகளுக்கு நிக்கல் தொட்டி சரிவராது, அது துத்தநாகத்தையே அரிக்கும். அந்த வேலையைச் சயனைட் வசதி முறையாக உள்ள இடத்தில் கொடுங்கள்.

அப்புறம், கழுவிய பாகத்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் விரிப்பாக நிற்காமல் திட்டுத்திட்டாகப் பிரிந்தால் எண்ணெய் போகவில்லை, திரும்பக் கழுவ வேண்டும்.

மேல் பக்கம் மட்டும் மணல் தூவியது போல் சொரசொரப்பு. (இரத்மலானை)

மேல் பக்கம் மட்டும் என்றால் தொட்டியில் மிதக்கும் தூசி படிகிறது. அனோட்டை, அதாவது கரைந்து செம்பு தரும் நேர்மின் துண்டை, மூடும் பை கிழிந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அனோட்டுக்கு என்ன செம்பு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய கேபிள் செம்பை வெட்டிப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 0.04 முதல் 0.06 சதவீதம் பொஸ்பரஸ் கலந்த அனோட்தான் அசிட் கொப்பருக்கு ஏற்றது, அதில் படியும் கறுப்புப் படலம்தான் செம்புத்தூள் உதிராமல் தடுக்கிறது, அதைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

காலையில் பளபளப்பு, பிற்பகலில் குழிகளுக்குள் மங்கல். பிரைட்னர் கூட்டியும் சரியாகவில்லை. (வத்தளை)

வெப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலான பளபளப்புக் கரைசல்களுக்கு 20 முதல் 30 பாகை செல்சியஸ் போதும். கொழும்புப் பக்கத்துப் பிற்பகலில், கரண்டும் ஓடும்போது, தொட்டி அதைத் தாண்டிவிடும், பிரைட்னரும் வேகமாகத் தீரும். குளிர்நீர் ஓடும் சுருள் குழாய் ஒன்று வையுங்கள்.

அதோடு, ஆவியாகும் நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? நீர் ஆவியாகும், குளோரைட் தங்கிவிடும், மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். லீற்றருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை சரி. அதைவிட ஏறினால் மங்கலும் வரும், அனோட்டில் வெளிறிய படலமும் கட்டும். கடலோரக் கிணற்று நீர் இன்னும் மோசம். கரைசலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அயன் நீக்கிய நீரில் புதிதாகக் கலந்து சேர்ப்பதுதான் செலவு குறைந்த வழி. எடுத்ததைக் கானில் ஊற்றாதீர்கள், செம்பு மீனைக் கொல்லும். எதையும் தொட்டியில் சேர்க்கும் முன் 267 மில்லிலீற்றர் ஹல் செல்லில் (கரைசலைச் சோதிக்கும் சிறு தொட்டியில்) 2 அம்பியரில் 10 நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

விளிம்பு கருகிச் சொரசொரப்பாகிறது.

கரண்ட் அதிகம். பாகத்தின் பரப்பை அளந்து அம்பியரைக் கணக்கிடுங்கள். குறைத்தும் போகாவிட்டால் கரைசலில் செம்பு குறைந்திருக்கும், அல்லது காற்றுக் கலக்கல் போதாது.

வார்ப்புப் பித்தளை விளக்கில் முலாம் நன்றாக இருக்கிறது, சில நாளில் புள்ளி புள்ளியாகக் கறுக்கிறது. (செட்டியார் தெரு)

வார்ப்பின் நுண்துளைகளுக்குள் தங்கிய அசிட் மெல்ல வெளியே வருகிறது. சுடுநீர், குளிர்நீர் என்று மாற்றி மாற்றி அலசி, வெப்பக் காற்றில் நன்றாக உலர்த்தி, அன்றே லாக்கர் (நிறமற்ற வார்னிஷ்) அடியுங்கள். புள்ளியாக இல்லாமல் முழுவதும் பழுப்பாகினால் அது கடல் காற்றின் வேலை, அங்கேயும் லாக்கர்தான் பதில்.