இயற்கையை அறியும் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு இப்போது 48 வயது. நீண்ட காலமாகக் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் தங்கள் வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கடன்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. குறை என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் சில காலமாக, ஒரு மரத்தடியைக் கடக்கும்போது அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று தோன்றுகிறது. விடுமுறைகளில் காடுகளுக்கும் மலைகளுக்கும் சென்று பார்த்தேன். முதல் நாள் மனம் விரிகிறது. இரண்டாம் நாளே கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது. திரும்பி வந்த பிறகு படங்கள் மிஞ்சுகின்றன, வேறெதுவும் மிஞ்சுவதில்லை.

சிறு வயதில், மழைக்கு முந்தைய மாலைகளில் தட்டான்கள் தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது அப்படி எங்கும் பார்ப்பதில்லை. நண்பர்களிடம் சொன்னால், வயதானால் பழையதெல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்கிறார்கள்.

இந்த ஏக்கம் வெறும் வேலைச் சலிப்புதானா? தாவரவியலோ விலங்கியலோ படிக்காத ஒருவர் இந்த வயதில் தொடங்கி இயற்கையை உண்மையாக அறிய முடியுமா? வேலையை விட்டுவிட்டு, ஒதுக்குப்புறமாகச் சிறிது நிலம் வாங்கிக் குடியேறலாமா என்றும் எண்ணுகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

சலிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் உங்கள் ஏக்கம் பொய்யாகிவிடுவதில்லை. களைத்த மனம் பச்சையை நாடுவது இயல்பானது, அதில் பயனும் உண்டு. 1984ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டுமே பார்க்க நேர்ந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மரம் ஆற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நோயாளிகளுக்கு அது என்ன மரம், எப்போது பூக்கும், எந்தப் பறவை அதில் தங்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நலம் பெற்றதும் அவர்கள் போய்விட்டார்கள். உங்கள் பயணங்களும் ஏறத்தாழ அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஓர் உணர்வைத் தேடிப் போகிறீர்கள். அது முதல் நாளே கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகு அங்கே உங்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நம் அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. அங்குள்ள மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். கவிதையில் உரிப்பொருளே உயர்ந்தது என்றாலும், அது இன்ன நிலத்தில், இன்ன பொழுதில், இன்ன உயிர்களுக்கிடையே என்று ஊன்றி நின்றாக வேண்டும். இது கவிதைக்கான இலக்கணம்தான். ஆனாலும் இயற்கையோடு உறவு வேண்டும் என்று கேட்பவர் எவருக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் உரிப்பொருளிலிருந்து தொடங்குகிறீர்கள். ஓர் இடத்திலிருந்தும் ஒரு பொழுதிலிருந்தும் தொடங்குங்கள்.

அந்த இடம் காடாக இருக்க வேண்டியதில்லை. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். அதன்பின் அவர் தன் நாட்டைவிட்டு வெளியே செல்லவே இல்லை; 1842ல் குடியேறிய கிராமத்து வீட்டில், அடிக்கடி நோயுற்ற உடலோடு, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். குடியேறிய அந்த ஆண்டின் டிசம்பரில், வீட்டருகே ஒரு வயலின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக்கட்டிகள் பரப்பப்பட்டன. காலப்போக்கில் அவை எவ்வளவு ஆழத்தில் புதைகின்றன என்று பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைத்தார். அப்போது அவருக்கு 33 வயது. 1871 நவம்பரில், தன் 62ஆம் வயதில், அந்த இடத்தில் குறுக்கே ஒரு குழி வெட்டச் செய்தார். புல்தரைக்கு ஏழு அங்குலம் கீழே, குழியின் இரு பக்கங்களிலும், சுண்ணக்கட்டிகள் வெண்கோடாகத் தெரிந்தன. 29 ஆண்டுகளாக மண்புழுக்கள் அடிமண்ணை உண்டு, அதை மேலே கொண்டுவந்து கழித்து, அந்தக் கட்டிகளின் மீது புதிய மண்ணைப் பரப்பியிருந்தன. இறப்பதற்கு முந்தைய ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இந்த மண்புழுக்களைப் பற்றியதுதான். அவருடைய மேதைமை நமக்கு வராது. ஆனால் ஒரு வயலை விட்டுப் போகாமல் இருப்பதற்கு மேதைமை தேவையில்லை.

இதில் நடுவயதுக்கு ஒரு தனித்தகுதி உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருபது வயதில் ஓர் ஆண்டு என்பது நீண்ட காலம். ஒரு மரம் இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும் வரை காத்திருக்க அந்த வயதின் இரத்தம் விடாது. ஐம்பதை நெருங்கும்போது ஆண்டுகள் சுருங்கிவிடுகின்றன. அடுத்த ஆண்டு இதே மாதத்தில் வந்து பார்ப்போம் என்று எண்ணுவது எளிதாகிறது, அப்படி வந்து பார்க்கவும் முடிகிறது. இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் நம்மிடம் எதையாவது எதிர்பார்க்கிறார்கள், அல்லது நம்மை ஏதோ ஒன்றாக மதிப்பிடுகிறார்கள். மரம் இரண்டையும் செய்வதில்லை. அதற்கு நீங்கள் யாரென்று தெரியாது. பலர் இதைக் குறையாக, இயற்கையின் பாராமுகமாகச் சொல்லி வருந்துவார்கள். எனக்கு அது பெரிய விடுதலையாகவே இருந்திருக்கிறது.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உடலை மறந்துவிடுகிறார்கள். வயது ஏறும்போது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் காதைவிட்டுப் போகின்றன. சிலவகை வெட்டுக்கிளிகளின் இசையும் சில சிறு பறவைகளின் மெல்லிய குரலும் அந்த எல்லையில்தான் இருக்கின்றன. அவை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நமக்கு இல்லாமலாகிவிடும். கண்ணின் வில்லை நாற்பதுகளிலேயே இறுகி, அருகிலிருப்பது மங்கத் தொடங்கியிருக்கும். இதற்குத் தீர்வு எளிது: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு புல்லின் பூவை அதன் வழியே பார்த்த பிறகு, தாவரவியல் படிக்கவில்லையே என்ற தயக்கம் உங்களைத் தடுக்காது. பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், தேதியிட்டு எழுதி வையுங்கள். முதல் தளிர், முதல் பூ, ஒரு பறவை வந்த நாள், அது காணாமல்போன நாள் ஆகியவையே போதும். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736ல் இத்தகைய குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தினர் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். பருவங்கள் எவ்வாறு மாறிவந்திருக்கின்றன என்று ஆராய்பவர்களுக்கு இன்று அது அரிய ஆவணம்.

தட்டான்களைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. 1995ல் மீன்வள அறிஞர் டேனியல் பாலி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை அறிஞரும் தாம் பணியில் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவாகக் கொள்கிறார்கள், அதிலிருந்து குறைந்ததை மட்டுமே இழப்பாகக் கணக்கிடுகிறார்கள். அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த அளவிலிருந்து தொடங்குகிறது. இப்படி அளவுகோலே இறங்கிக்கொண்டு போவதால் பேரிழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. இதைத் தடுக்கக்கூடியவர் பழைய அளவை நினைவில் வைத்திருப்பவர் மட்டுமே. அவருடைய நினைவை மிகை என்று ஒதுக்குவது, இருக்கும் ஒரே சாட்சியையும் வெளியே அனுப்புவதாகும். நினைவு பிழைபடக்கூடியதுதான், ஆகவே அதைச் சோதித்துப் பாருங்கள். தட்டானின் இளம்பருவம் முழுவதும் நீருக்குள் கழிகிறது. இனத்தைப் பொறுத்து அது சில வாரங்களாகவும் இருக்கலாம், சில ஆண்டுகளாகவும் இருக்கலாம். எனவே தட்டான்கள் எங்கே போயின என்று வானத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, அன்று அருகிலிருந்த நீர்நிலைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். எந்த மாதத்தில், எந்த இடத்தில், ஏறத்தாழ எத்தனை தட்டான்களைப் பார்த்தீர்கள் என்பதை நினைவிருக்கும்வரை எழுதுங்கள். உங்கள் வயதை ஒத்த பிறரிடமும் கேட்டு எழுதுங்கள். இந்த வேலை துயரமானது. எத்தனை போயிருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பிறகு பழையபடி நிம்மதியாக ஒரு குளக்கரையில் உட்கார முடியாமல் போகலாம். அறிதலை விரும்பினால் அந்தத் துயரையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நிலம் வாங்குவதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள் என்றே சொல்வேன். இன்று நீங்கள் இருக்கும் இடத்தில், நடந்து செல்லும் தொலைவுக்குள் ஒரு மரத்தையோ நீர்த்தேக்கத்தையோ தேர்ந்தெடுத்து, பருவங்களின் முழுச் சுற்று ஒன்று முடியும்வரை பாருங்கள். அதில் உங்களுக்கு ஈடுபாடு நிலைத்தால் நிலத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அந்த நிலத்தை அதன் அழகான மாதத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெயிலோ மழையோ குளிரோ, எது அங்கே மிகக் கடுமையோ அந்தப் பருவத்தில் சில நாட்கள் தங்கிப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே அங்கு வாழ்ந்துகொண்டிருக்கும் உயிர்கள் எவை என்றும், உங்கள் வீடும் வேலியும் வந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்றும் விசாரித்த பிறகு வாங்குங்கள்.